கணக்கில் வராத சீனி

பன்னிரண்டு வருடம் நாரஹேன்பிட்டியில்
ஊரார் பிள்ளைகளின் மலத்தைக்
கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்து
பற்றீரியாவின் பெயர் எழுதிக் கொடுத்தவள் நான்.
என் பிள்ளையின் முதல் டயப்பரை
காசல் வீதி ஆஸ்பத்திரியில் விரித்தபோது
கறுப்புத் தார்.
அதில் வளர்க்க ஒன்றுமில்லை.

முப்பத்திமூன்று கிழமையில் வந்தவன்.
வயிற்றைக் கீறி எடுத்தார்கள்.
வழியில் அவனுக்கு
யாரும் அறிமுகமாகவில்லை.

தாய்ப்பாலில் ஒரு சீனி இருக்கிறது.
பிள்ளையால் அதைச் செரிக்க ஏலாது,
ஒரு துளிகூட.
பிறகு யாருக்கு?
இறுதியாண்டுப் பரீட்சையில் ஐந்து புள்ளிக் கேள்வி.
'குடலில் குடியிருக்கும் பற்றீரியாவுக்கு' என்று எழுதினேன்.
ஐந்தும் கிடைத்தது.
தன் எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்பு கொடுக்கிற உடம்பு
பிள்ளை தின்னாத ஒன்றை ஏன்
இத்தனை மினக்கெட்டுச் சமைக்கிறது என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.
அன்று எனக்குப் பசி.
கன்டீனில் கடைசி றோல்ஸ்.

மூன்றாம் நாளும்
என் கிண்ணத்தின் அடி மட்டுமே நனைந்தது.
பக்கத்துக் கதிரையில் மாளிகாவத்தை ஷிஹாரா.
அவளுக்குக் கிண்ணம் போதாது.
எட்டிப் பார்த்தாள்.
"எனக்கு மிச்சம் ஈக்கி. குடுக்கவா?"

நேர்ஸ் மிஸ் டொக்டரிடம் ஓடினாள்,
இரத்தப் பரிசோதனைத் தாள்களோடு திரும்பினாள்.
அதற்குள் ஷிஹாராவுக்கே யோசனை:
"அஞ்சு தரம் குடிச்சா ஒங்கட மகன் என்ட புள்ள.
பொறகு என்ட மகள்மார முடிக்கேலா."
"மகள்மாருக்கு எத்தனை வயது?"
"மூத்தவக்கி ஒம்பது."
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

தயாரூபனுக்கு அழைத்தேன்.
யாருடைய பால் என்று கேட்டான். சொன்னேன்.
கொஞ்ச நேரம் துறைமுகத்துக் கிரேன் மட்டும் கத்தியது.
பிறகு,
"அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பிட விருப்பம் எண்டு கேள்."
அவள் கேட்டது கிரீம் சோடா.
மூன்று போத்தல் கொண்டு வந்தான்,
வாட்டு வாசலில் இரண்டை மறித்துவிட்டார்கள்.

மூக்குக் குழாயில் மஞ்சளாய் இறங்கியது
அவளுடைய கடும்பு.
"மூக்கால போனாலும் கணக்குத்தானாம்" என்றாள்,
உம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு.

ஐந்தாம் நாள் எனக்கும் சுரந்தது.
ஒன்பதாம் நாள் டயப்பர்:
அரைத்த கடுகின் நிறம், இலேசாய்த் தயிர்ப் புளிப்பு.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்.
எதிர்க் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
எனக்குத் தெரியும்,
வந்துவிட்டார்கள்.
பாய் விரித்து, அடுப்பு மூட்டி,
கெட்டவர்களுக்கு இடமில்லாதபடி
குடலைப் புளிக்க வைத்துக்கொண்டு.

அந்தச் சீனியில் நூற்றுக்கு மேல் வகை.
எல்லாத் தாய்க்கும் ஒரே கைப்பக்குவம் இல்லை.
ஒருத்திக்கு வருவது ஒருத்திக்கு வராது.
எவர் என் சமையலுக்கு வந்தவர்,
எவர் அவளுடையதற்கு?
ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கலாம்தான்.
காற்றுப் பட்டால் செத்துப்போகிற சாதி.
காற்றில்லாப் பெட்டி ஒன்று இருக்கிறது.
மார்கழியிலிருந்து பழுது.

பிறப்புப் பதிவில் 'இனம்' என்று ஒரு கட்டம்.
தயாரூபன் நிரப்பினான்.
நான் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது பதினொரு மாதம்.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
பருப்பும் சோறும் தின்கிறான், சுவர்ச் சுண்ணாம்பும்.
கடுகு மஞ்சள் போய்விட்டது.
பழைய குடிகள் ஒதுங்க, புதியவர் வந்து குவிகிறார்கள்.
நான் கொஞ்சம் அழுதேன்,
யாரிடம் சொல்வது இதை?

வெள்ளிக்கிழமைகளில் ஷிஹாரா அழைப்பாள்.
"என்ட மகன் திண்டானா?
ஏழு தரம் குடுத்த. நான் எண்ணின."
போனை அவன் காதில் வைக்கப்போனேன், உதைத்தான்.
வயிற்றில் வைத்தேன்.
உள்ளே ஏதோ கடகடவென்று ஓடியது.
"கேட்டதா?"
"கேட்டிச்சி" என்றாள்.
பொய்.